முதலில் இயற்கைத் தேர்வு இல்லாத உலகம்: தகவமைப்புக்குக் கணித மாதிரி அமைக்கும் முறை

பரிணாம மாதிரிகள் கற்க என்னிடம் வரும் உயிரியல் மாணவர்கள் முதலில் கேட்பது, எந்தச் சமன்பாட்டில் தொடங்குவது என்பதைத்தான். சமன்பாடு பிறகு வரட்டும். ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்பேன். எந்த உயிரினம், எந்தப் பண்பு, எந்தச் சூழல், எத்தனை தலைமுறை என்ற நான்கும் அந்த ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும். "ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து ஏன் நீண்டது?" என்ற கேள்வியை வைத்துக்கொண்டு எதையும் கணக்கிட முடியாது. அதில் காலம் இல்லை. எதை எதனோடு ஒப்பிடுவது என்பதும் இல்லை. "இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் பிஸ்டன் பெடுலேரியா அந்துப்பூச்சியின் கரிய வடிவம் ஏறத்தாழ ஐம்பது தலைமுறைகளில் அபூர்வ நிலையிலிருந்து பெரும்பான்மையாக மாறியது, அதற்கு எவ்வளவு வலுவான இயற்கைத் தேர்வு தேவை?" என்று எழுதினால், பாதி வேலை முடிந்துவிட்டது.

வாக்கியத்துக்குக் கீழே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். அந்தப் பண்பில் உயிரிகளுக்குள் வேறுபாடு இருக்கிறதா? அந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகிறதா? வேறுபாட்டைப் பொறுத்துச் சந்ததிகளின் எண்ணிக்கை மாறுகிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்று சான்றோடு சொல்ல முடிந்தால் மாதிரி அமைக்கலாம். ஒன்றுக்காவது சான்று இல்லையென்றால் அதைத் தெளிவாகக் குறித்துவையுங்கள். உங்கள் மாதிரியின் பலவீனமான இடம் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு வகை, ஒரு விரிதாள்

எளிய மாதிரியை முதலில் பென்சிலால் போட்டுப் பார்க்க வேண்டும். பாலினக் கலப்பின்றிப் பெருகும் நுண்ணுயிர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் பழைய வகை, புதிய வகை என இரண்டே வகைகள். புதிய வகையின் விகிதத்தை "வி" என்று குறிப்போம். பழைய வகை ஒரு சந்ததி விடும் நேரத்தில் புதிய வகை சராசரியாக (1 + கூ) சந்ததி விடுகிறது. "கூ" என்பது அதன் கூடுதல் தகுதி. அப்படியானால்:

புதிய வி = வி × (1 + கூ) ÷ (1 + வி × கூ)

வகுத்தியில் இருப்பது மொத்தக் கூட்டத்தின் சராசரித் தகுதி. அதனால் வகுக்காவிட்டால் விகிதங்களின் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டிவிடும்.

வி = 0.01, கூ = 0.05 என்று வைத்து மூன்று தலைமுறைகளைக் கையால் கணக்கிடுங்கள். முதல் தலைமுறைக்குப் பிறகு 0.0105-ஐ ஒட்டி வரும். ஒன்றும் நடக்காதது போலவே தோன்றும். பிறகு அதே வாய்பாட்டை விரிதாளில் முந்நூறு வரிசைகளுக்கு இழுத்துவிட்டு வரைபடம் போடுங்கள். நீண்ட நேரம் தரையோடு ஊர்ந்த கோடு திடீரென எழுந்து, மேலே போய் மீண்டும் தட்டையாகும். ஒரு சதவீதத்திலிருந்து பாதியை எட்ட ஏறத்தாழ 94 தலைமுறைகள். பாதியிலிருந்து 99 சதவீதத்தை எட்ட இன்னொரு 94. தகுதி வேறுபாடு தொடக்கம் முதல் முடிவு வரை ஐந்து சதவீதம்தான். மாற்றத்தின் வேகம் மட்டும் வகைகளின் கலவையைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. வரைபடத்தின் செங்குத்தான நடுப்பகுதியைக் காட்டி "இங்கே சூழல் மாறிவிட்டது" என்று கதை சொல்வதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சூழல் மாறாமலேயே அந்த வளைவு வரும்.

சூழல் உண்மையிலேயே மாறியதா என்று அறியவும் ஒரு வழி உண்டு. புதிய வகையைப் பழைய வகையால் வகுத்து, வரும் ஈவின் இயல் மடக்கையை எடுத்துத் தலைமுறைக்கு எதிரே வரையுங்கள். கூ மாறாமல் இருந்தால் நேர்கோடு வரும். சிறிய கூ-வுக்கு அந்தக் கோட்டின் சாய்வே கிட்டத்தட்ட கூ-வின் மதிப்பு. கோடு வளைந்தால், தகுதி வேறுபாடு நிலையாக இல்லை என்று தரவே சொல்கிறது. ஆய்வகத்தில் இரண்டு பாக்டீரியா வகைகளைப் போட்டியிடவிட்டு எண்ணும்போது நான் முதலில் வரைவது இந்தப் படத்தைத்தான். வேறெந்தப் படமும் இவ்வளவு விரைவாக உண்மையைச் சொல்லிவிடுவதில்லை.

இரட்டை மரபணு வந்தால்

அந்துப்பூச்சிக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. கரிய நிறம் ஓங்குபண்பு; ஒரு பிரதி கரியதாக இருந்தாலே பூச்சி கரியதாகிவிடும். ஆகவே வெளிறிய பூச்சி என்பது வெளிறிய அல்லீல் (அதாவது மரபணுவின் வெளிறிய வடிவம்) இரண்டையும் பெற்ற பூச்சி. வெளிறிய அல்லீலின் விகிதம் "வெ", வெளிறிய பூச்சிகளின் தகுதிக் குறைவு "கு" என்று கொண்டால்:

புதிய வெ = வெ × (1 − கு × வெ) ÷ (1 − கு × வெ²)

மான்செஸ்டரில் கரிய வடிவம் 1848-ல் பதிவானது. அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அங்கே அதன் பங்கு 98 சதவீதத்தை எட்டியது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை. மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1924-ல் இந்தக் கணக்கைப் போட்டு, கரியவை வெளிறியவற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சந்ததி விட்டிருக்க வேண்டும் என்று காட்டினார். இயற்கைத் தேர்வு அவ்வளவு வலுவாக இருக்கும் என்று அன்று பலர் எதிர்பார்க்கவில்லை. நீங்களும் போட்டுப் பாருங்கள். கு-வை மூன்றில் ஒன்றாக வைத்து, கரிய பூச்சிகள் ஒரு சதவீதம் இருக்கும் நிலையில், அதாவது வெ = 0.995 என்று தொடங்கினால், ஏறத்தாழ 45 தலைமுறைகளில் 99 சதவீதம் கரியவையாகிவிடும்.

அந்த ஓட்டத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஏறத்தாழ முதல் 16 தலைமுறைகளில் கரிய அல்லீல் பாதியை எட்டி, கண்ணுக்குத் தெரியும் கரிய பூச்சிகள் 75 சதவீதமாகிவிடுகின்றன. மீதியுள்ள 24 சதவீதத்தைக் கடக்க இன்னும் 29 தலைமுறைகள் ஆகின்றன. காரணம், வெளிறிய அல்லீல் கரிய பூச்சிகளுக்குள் மறைந்துகொள்கிறது. வெளிறிய பூச்சி நூற்றுக்கு ஒன்றுதான் தென்படுகிறது என்றால்கூட, வெளிறிய அல்லீல் பத்து சதவீதம் இருக்கிறது. கரி படிந்த மரங்களில் வெளிறிய பூச்சிகளைத்தான் பறவைகள் எளிதில் கண்டு பிடித்துத் தின்னும்; பறவையின் கண்ணுக்குத் தெரியாததை இயற்கைத் தேர்வு தொட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்று தூய்மையானபோது வெளிறிய பூச்சிகள் விரைவாகத் திரும்பியதற்கு இதுவும் ஒரு வழி விட்டுவைத்தது.

இந்தக் கணக்கு ஒரு "தேவை"யை மட்டுமே சொல்கிறது: இவ்வளவு தேர்வு இருந்திருந்தால் இந்த வேகம் வரும். அந்தத் தேர்வு உண்மையிலேயே இருந்ததா என்பதை வெளியில் போய்த்தான் அளக்க வேண்டும். மரபியலாளர் மைக்கேல் மஜெரஸ் கேம்பிரிட்ஜில் 2001 முதல் 2007 வரை 4,864 பூச்சிகளை விட்டுப் பார்த்தார். பறவைகள் கரிய பூச்சிகளைக் கூடுதலாகப் பிடித்தன. அந்த வேறுபாடு, கரிய வடிவம் அப்போது குறைந்துவந்த வேகத்தை விளக்கப் போதுமானதாக இருந்தது. கணக்கிலிருந்து ஓர் எண், களத்திலிருந்து இன்னோர் எண், இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் வந்து பொருந்துவதுதான் நல்ல மாதிரிக்கு அடையாளம். ஒரே தரவிலிருந்து கு-வைக் கண்டுபிடித்து, அதே தரவை அது "விளக்குகிறது" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

தற்செயலை உள்ளே விடுங்கள்

இதுவரை அமைத்த மாதிரியில் ஒரே தொடக்கத்துக்கு ஒரே முடிவுதான் வரும். உண்மையான உயிர்க்கூட்டம் அப்படி நடந்துகொள்வதில்லை. எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு; அதனால் யார் பிழைக்கிறார், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதில் தற்செயல் புகுந்துவிடுகிறது. என் மாணவர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துபோக விரும்புவார்கள். நான் விடுவதில்லை. தகவமைப்பைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை கிடைப்பதே இந்த இடத்தில்தான்.

செய்முறை எளிது. ஒரு பெட்டியில் கறுப்பு மணியும் வெள்ளை மணியும் பாதிப் பாதி போடுங்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். இப்படி நூறு முறை. அதில் வந்த விகிதம்தான் அடுத்த தலைமுறை. பெட்டியில் அந்த விகிதத்துக்கு மணிகளை மாற்றி மறுபடி தொடங்குங்கள். ஓரிரு தலைமுறைகளைக் கையால் செய்துவிட்டு, மிச்சத்தைப் பைத்தான் நிரல்மொழியிலோ விரிதாளின் ரேண்டம் எண்களைக் கொண்டோ ஓட்டலாம். கணிதத்தில் இது ஈருறுப்புப் பரவலிலிருந்து மாதிரி எடுப்பது. சூவல் ரைட், ரொனால்ட் ஃபிஷர் இருவரின் பெயரால் ரைட்–ஃபிஷர் மாதிரி என்று வழங்குகிறது.

முதல் ஓட்டத்தில் கூ = 0 என்று வையுங்கள். இது என் கட்டாய விதி. இயற்கைத் தேர்வே இல்லாத உலகத்தை ஐந்நூறு முறை, ஆயிரம் முறை ஓட்டி, எல்லாக் கோடுகளையும் ஒரே வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் போடுங்கள். சில கோடுகள் நேராக உச்சிக்கு ஏறும்; சில சரிந்து மறையும். தேர்வின் கையெழுத்து என்று நீங்கள் சத்தியம் செய்யக்கூடிய அழகான ஏற்றங்கள்கூட அந்தச் சாம்பல் கூட்டத்துக்குள் இருக்கும். உங்கள் தரவை அதன் மேல் சிவப்பு நிறத்தில் போடுங்கள். சிவப்புக் கோடு சாம்பல் கூட்டத்துக்குள்ளேயே கிடந்தால், அந்தப் பண்பைத் தகவமைப்பு என்று அழைக்க அந்தத் தரவு போதாது. இதைச் சொல்லும்போது சிலர் முகம் வாடுகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பயனைக் கற்பித்துக் கதை கட்டும் பழக்கத்தை உடைக்க இதைவிட நேர்மையான கருவி எனக்குத் தெரியாது.

அந்தச் சாம்பல் கூட்டத்தின் அகலத்தை எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. நூறு உயிரிகள், இரண்டு வகையும் பாதிப் பாதி என்றால், ஒரு தலைமுறையில் தற்செயலால் மட்டும் ஏற்படும் அலைவு ஏறத்தாழ ஐந்து சதவீதப் புள்ளி. அதே நிலையில் கூ = 0.05 தள்ளுவது ஒரு புள்ளிக்குச் சற்று அதிகம்தான். பத்தாயிரம் உயிரிகள் என்றால் அலைவு அரைப் புள்ளியாகச் சுருங்கிவிடும். தேர்வு தெளிவாகத் தெரியும். காலமும் உதவுகிறது. தேர்வு எப்போதும் ஒரே பக்கம் தள்ளுவதால் அதன் விளைவு தலைமுறைகளோடு சேர்ந்துகொண்டே போகும். தற்செயல் இரு பக்கமும் தள்ளுவதால், தலைமுறைகள் நான்கு மடங்கானால் அதன் அலைவு ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆகும். எண்ணிக்கையைக் கூ-வால் பெருக்கிப் பாருங்கள். விடை ஒன்றைவிட மிகச் சிறியதாக இருந்தால் அங்கே ஆள்வது தற்செயல். ஒன்றைவிட மிகப் பெரியதாக இருந்தால் தேர்வு. எந்த மாதிரியையும் ஓட்டுவதற்கு முன்னால் நோட்டுப்புத்தகத்தின் மூலையில் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பேன்.

ஆனால் பெரிய கூட்டத்திலும் தற்செயலின் பிடியிலிருந்து தப்ப முடியாத காலம் ஒன்று உண்டு: நல்ல திடீர்மாற்றம் ஒரே ஓர் உயிரியிடம் இருக்கும் முதல் சில தலைமுறைகள். அந்த உயிரிக்குச் சராசரியாக 1.05 சந்ததிகள் என்று வையுங்கள். சந்ததி எண்ணிக்கை பாய்சான் பரவலைப் பின்பற்றினால், ஒரு பிள்ளைகூட இல்லாமல் போக 35 சதவீத வாய்ப்பு. எந்த நன்மையும் தராத மாற்றத்துக்கு அந்த வாய்ப்பு 37 சதவீதம். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு சிறிய வேறுபாடு என்று பாருங்கள்! நன்மை தரும் மாற்றமும் முதல் தலைமுறையிலேயே மூன்றில் ஒரு முறை அடையாளமின்றி அழிகிறது. ஹால்டேன் 1927-ல் கண்ட விடை இன்றும் பயன்படுகிறது: சிறிய நன்மை கொண்ட ஒற்றைத் திடீர்மாற்றம் பெரிய கூட்டத்தில் நிலைபெறும் நிகழ்தகவு, ஏறத்தாழ கூ-வின் இரு மடங்கு. ஐந்து சதவீத நன்மைக்குப் பத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு. ஒரு சதவீத நன்மைக்கு ஐம்பதில் ஒன்று.

ஆகவே உங்கள் மாதிரியில் "நல்ல மாற்றம் தோன்றியது, பரவியது" என்று ஒரே மூச்சில் எழுதாதீர்கள். தோன்றும் வேகம், தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு, பரவ எடுக்கும் காலம் என்று மூன்றையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். காத்திருப்புக் காலம்தான் பல நேரங்களில் பரவும் காலத்தைவிட நீளமாக வரும்.

அளவாக மாறும் பண்புகள்

அலகின் தடிமன், உடல் எடை போன்றவற்றை ஒற்றை மரபணுவில் அடக்க முடியாது. அவற்றுக்கு விலங்கு, பயிர் வளர்ப்போர் பயன்படுத்தும் சமன்பாடு போதும்: அடுத்த தலைமுறையின் சராசரி மாற்றம் = மரபுவழிப் பங்கு × தேர்வு வேறுபாடு. மரபுவழிப் பங்கு என்பது, பண்பில் உள்ள வேறுபாட்டில் மரபு வழியாக வரும் பகுதி. தேர்வு வேறுபாடு என்பது, இனப்பெருக்கம் செய்தவற்றின் சராசரிக்கும் முழுக் கூட்டத்தின் சராசரிக்கும் உள்ள இடைவெளி.

கலாபகஸ் தீவுகளில் ஒன்றான டாஃப்னி மேஜரில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் குழுவினர் அளந்த நடுத்தரத் தரைக் குருவிகளை நான் எப்போதும் எடுத்துக்காட்டாகக் கொள்வேன். 1977-ன் வறட்சியில் சிறிய மென்மையான விதைகள் தீர்ந்து, உடைக்கக் கடினமான பெரிய விதைகளே எஞ்சின. பெரும்பாலான குருவிகள் இறந்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன் முன்பிருந்ததைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அதிகம். இந்தப் பண்பின் மரபுவழிப் பங்கு மிக அதிகம். குறைந்தபட்சமாக நான்கில் மூன்று பங்கு என்று வைத்தாலும், குஞ்சுகளில் 0.4 மில்லிமீட்டரை ஒட்டிய உயர்வை எதிர்பார்க்கலாம். அளந்ததும் அதை ஒட்டியே இருந்தது.

இங்கேயே நிறுத்தினால் அலகு ஆண்டுக்கு ஆண்டு தடித்துக்கொண்டே போகும் என்று மாதிரி சொல்லிவிடும். 1982–83 எல் நினோ பெருமழைக்குப் பிறகு சிறிய விதைகள் பெருகின. தேர்வின் திசையே திரும்பிச் சிறிய அலகுகள் பிழைத்தன. ஆகவே தேர்வு வேறுபாட்டை ஒற்றை மாறிலியாக வைக்காதீர்கள். அதற்கு விரிதாளில் தனி நெடுவரிசை கொடுத்து, ஒவ்வொரு ஆண்டின் உணவு அல்லது மழை அளவிலிருந்து அது கணக்காகி வரும்படி அமையுங்கள்.

தகுதி மற்றவர்களைப் பொறுத்து மாறும் சூழல்களும் உண்டு. சண்டைக்காரர்கள் குறைவாக இருக்கும்வரை சண்டையிடுவது லாபம். அதிகமானால் காயம்தான் மிச்சம். ஜான் மேனார்ட் ஸ்மித், ஜார்ஜ் பிரைஸ் இருவரும் 1973-ல் விளையாட்டுக் கோட்பாட்டைக் கொண்டு இதை வடிவமைத்தார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதல் வாய்பாட்டில் கூ-வை எண்ணாக வைக்காமல், வி-யைப் பொறுத்து மாறும் கோவையாக எழுதுங்கள். கூ எங்கே பூஜ்யமாகிறதோ அங்கே கூட்டம் நிலைகொள்ளக்கூடும். அந்தப் புள்ளியிலிருந்து சற்று விலக்கிவிட்டுத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீண்ட காலத்துக்கு ஓட்டும்போது

ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரி 24 அன்று ஈ. கோலை பாக்டீரியாவின் 12 கூட்டங்களோடு தொடங்கிய சோதனை, மாதிரி அமைப்பவர்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. நாள்தோறும் நூறில் ஒரு பங்கு புதிய வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றப்படுகிறது. அது மீண்டும் நூறு மடங்காக வளர ஏறத்தாழ 6.6 இரட்டிப்புகள் வேண்டும். அதுதான் ஒரு நாளின் தலைமுறைக் கணக்கு. இடையிடையே உறைய வைத்த பாக்டீரியா மாதிரிகள் இருப்பதால், சந்ததியை அதன் மூதாதையோடு நேரடியாகப் போட்டியிடச் செய்து தகுதியை அளக்கலாம்.

தகுதி முதலில் வேகமாக ஏறி, பிறகு மெல்ல ஏறியது. இந்த வடிவத்துக்குக் குறைந்தது இரண்டு வாய்பாடுகள் பொருந்தும்: ஓர் உச்ச வரம்பை நெருங்கி நின்றுவிடும் அதிபரவளையம், வேகம் குறைந்தாலும் நிற்காத அடுக்கு விதி. தொடக்கத் தரவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். 50,000 தலைமுறைத் தரவை வைத்து 2013-ல் லென்ஸ்கி குழு வெளியிட்ட ஆய்வில், தொடக்கப் பகுதியை மட்டும் கொடுத்துப் பிற்பகுதியைக் கணிக்கச் சொன்னபோது, அடுக்கு விதிதான் உண்மையை ஒட்டி வந்தது. அதிபரவளையம் குறைவாகக் கணித்தது. உங்கள் மாதிரியையும் இப்படியே சோதியுங்கள். தரவின் பின்பாதியை மறைத்துவைத்துவிட்டு முன்பாதியில் மட்டும் பொருத்துங்கள். முழுத் தரவுக்கும் அழகாகப் பொருந்துவதை நான் பெரிதாக மதிப்பதில்லை. போதுமான மாறிலிகள் இருந்தால் எதுவும் எதற்கும் பொருந்தும்.

அதே சோதனையில், 31,000 தலைமுறைகளைத் தாண்டிய பிறகு, 12 கூட்டங்களில் ஒன்றே ஒன்று ஆக்சிஜன் உள்ள சூழலில் சிட்ரேட் என்ற வேதிப்பொருளை உணவாக்கக் கற்றது. எந்த மென்மையான வளைவும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. அதற்கு முந்தைய சில மாற்றங்கள் வழியமைத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று உறைந்த மாதிரிகளை மீண்டும் வளர்த்துக் காட்டினார்கள். இத்தகைய பாய்ச்சல் உங்கள் கேள்விக்குள் வருகிறது என்றால், சராசரித் தகுதியை மட்டும் தொடரும் மாதிரி போதாது. ஒவ்வொரு வம்சத்தையும் அதன் மாற்றங்களின் வரிசையோடு தனித்தனியாகத் தொடரும் நிரல் எழுத வேண்டும். அது மெதுவாக ஓடும். சிறிய எண்ணிக்கையில் தொடங்கிச் சரிபார்த்துவிட்டுப் பெரிதாக்குங்கள்.

முடிவை எழுதும்போது கூ-வுக்கு ஒற்றை எண் தராதீர்கள். தரவோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் எல்லையைத் தாருங்கள். தலைமுறைக் காலம், இனக்கூட்ட எண்ணிக்கை, ஓங்குபண்பு பற்றிய அனுமானம் ஆகிய மூன்றையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றையும் பாதியாகவும் இரு மடங்காகவும் மாற்றினால் (ஓங்குபண்பென்றால் ஒடுங்குபண்பாக்கினால்) விடை எவ்வளவு நகர்கிறது என்று ஒரு சிறிய அட்டவணை போடுங்கள். ரேண்டம் எண்களின் தொடக்க எண்ணைக் குறித்துவையுங்கள். அப்போதுதான் இன்னொருவர் அதே ஓட்டத்தை மீண்டும் ஓட்ட முடியும். தேர்வு இல்லாத உலகத்தின் சாம்பல் கோடுகளைப் பின்னிணைப்புக்குத் தள்ளாமல், முதல் படத்திலேயே வையுங்கள்.